முதல் கிட்டாருக்கு மரம் வேணுமா? பலாவைக் கேளுங்க



கரும்பு, மழை, மாட்டுத் தீவனம்னு எழுதிக்கிட்டிருந்த ஆளு திடீர்னு எலக்ட்ரிக் கிட்டார் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. எங்க ஊர் பேர்லயே மூங்கில் இருக்கு, புல்லாங்குழல் பத்தி எழுதியிருந்தா பொருத்தமா இருந்திருக்கும். ஆனா மூங்கில்துறைப்பட்டுன்னா இன்னைக்கு எல்லாருக்கும் ஞாபகம் வர்றது கூட்டுறவு சர்க்கரை ஆலைதான். மூங்கிலைத் தேடித்தான் பார்க்கணும். கிட்டாருக்கு வேண்டிய மரம் மட்டும் இன்னும் எங்க கொல்லையில நிக்குது. அதனாலதான் இதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேச எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

சென்னை, பெங்களூர்ல வேலை பார்க்கிற பிள்ளைங்களுக்குச் சொந்தக் கையால ஒரு கிட்டார் செய்யணும்னு ஆசை வருது. நல்ல ஆசைதான். ஆனா உடனே என்ன பண்றாங்க? பெட்டியில வர்ற ‘கிட்’ ஒண்ணை ஆர்டர் போடுறாங்க. அறுத்து, துளை போட்டு, எல்லாம் தயாரா வரும். எட்டு ஸ்குரூ முடுக்கி, பெயிண்ட் அடிச்சு, போட்டோ எடுத்துப் போட்டுட்டா ‘நான் செஞ்ச கிட்டார்’. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். முதல் கிட்டாரை அப்படிப் பூட்டாதீங்க. ஒரு கிராமத்துக்கு வாங்க. நல்லா காய்ஞ்ச பலா மரத்தை, விறகு விலைக்கு இல்லாம, மரத்துக்கான விலை கொடுத்து வாங்குங்க. மரம் தெரிஞ்ச ஒரு ஆசாரிக்குக் கூலி கொடுத்து அவர் பக்கத்துல உக்காந்து செய்யுங்க. கொஞ்சம் கோணலா வந்தாலும் பரவாயில்ல.

இதைச் சும்மா சொல்லல. எங்க அண்ணன் மகன் சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ரெண்டு வருஷமா கிட்டார் வாசிக்கிறான். சுமாராத்தான் வாசிப்பான், அவன்கிட்ட சொல்லிடாதீங்க. போன வருஷம் பொங்கலுக்கு வந்தப்ப அவனும் இந்தக் கிட் பெட்டியைப் போன்ல காட்டி, ‘சித்தப்பா, இதை வாங்கலாம்னு இருக்கேன்’ன்னான். விலையைக் கேட்டேன். மரம் என்னன்னு கேட்டேன். வெளிநாட்டு மரம், பேர் வாயில நுழையல. ‘ஏன்டா, வீணை செய்ற மரம் நம்ம கொல்லையில கிடக்கு, நீ எங்கயோ இருந்து கப்பல்ல வர்ற மரத்துக்குக் காசு கட்டுறியே’ன்னேன். அங்க ஆரம்பிச்சதுதான்.

தஞ்சாவூர் வீணை பலா மரத்துலதான் செய்றாங்கன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 2013-ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. அந்தப் பலாவுல நிறைய எங்கிருந்து போகுதுன்னா, பண்ருட்டி பக்கம் இருந்து. எங்க ஊருக்குக் கிழக்க, தென்பெண்ணை ஆத்தோடயே போனா அந்தச் சீமைக்குத்தான் போய்ச் சேரணும். மிருதங்கக் கட்டையும் பலாதான். ஒரே மரத்துல குடமும் தண்டியும் சேர்த்துக் குடைஞ்சு எடுக்கிற வீணைக்கு ஏகாந்த வீணைன்னு பேரு. துண்டு துண்டாச் செஞ்சு ஒட்டுறது ஒட்டு வீணை. நல்ல பலா இழைச்ச புதுசுல மஞ்சளா இருக்கும். வருஷம் ஆக ஆக ஆரஞ்சு, அப்புறம் காப்பிக்கொட்டை நிறம். பூச்சி அவ்வளவா அண்டாது, உளிக்கு வளையும், கனமும் அளவா இருக்கும். இத்தனை நூறு வருஷமா வாத்தியத்துக்குன்னே சோதிச்சுப் பார்த்த மரம். அதை விட்டுட்டு வேற மரத்துக்கு அலைய வேண்டிய அவசியம் என்ன?

‘வெள்ளைக்காரன் இப்படியெல்லாம் கண்ட மரத்துல செய்வானா சித்தப்பா’ன்னு கேட்டான். அவனே ரெண்டு நாள் கழிச்சு ஒரு கதையைத் தேடிப் படிச்சுட்டு வந்து எனக்குச் சொன்னான். குயின்னு ஒரு இங்கிலாந்து இசைக்குழு. அதுல பாடினவர் ஃப்ரெடி மெர்குரி, நம்ம மகாராஷ்டிரா பஞ்ச்கனியில பள்ளிக்கூடம் படிச்சவர். அந்தக் குழுவுல கிட்டார் வாசிக்கிறவர் பிரையன் மே. 1963-ல அவர் பள்ளிக்கூடப் பையன். நல்ல கிட்டார் வாங்கக் காசு இல்ல. அப்பா ஹரால்டு மின்னணு வேலை தெரிஞ்சவர். ரெண்டு பேரும் வீட்டுலயே செய்ய ஆரம்பிச்சாங்க. கழுத்துக்கு, பழைய குளிர்காயும் அடுப்போட சட்டத்துல இருந்த மகோகனி மரம். பூச்சி அரிச்ச ஓட்டையைத் தீக்குச்சி வச்சு அடைச்சாங்களாம். உடம்புக்குப் பழைய ஓக் மேஜை. கம்பியைத் தளர்த்தி இறுக்குற அமைப்புக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கு. விரல் பலகையில புள்ளி வைக்க அம்மாவோட தையல் பெட்டியில இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான். அந்தப் பிடியோட முனைக்கு அம்மாவோட ஸ்வெட்டர் பின்னுற ஊசி முனை. செஞ்சு முடிக்க ரெண்டு வருஷம் போல ஆச்சு. அந்தக் கிட்டாரைத்தான் உலகம் பூரா எடுத்துட்டுப் போய் வாசிச்சார். 2002-ல இங்கிலாந்து ராணி அரண்மனைக் கூரை மேல நின்னு வாசிச்சதும் அதேதான். அந்த மனுஷன் பின்னாடி வானியல்ல டாக்டர் பட்டம் வாங்கினது தனிக் கதை.

இதுல நான் கவனிச்சது ஒண்ணுதான். அவர் முதல் கிட்டாருக்குத் தன் வீட்டுல கிடந்த மரத்தை எடுத்தார். வீட்டுல காய்ஞ்சு கிடந்த மரத்துக்கு ஈடா கடை மரம் வராது. ஏன்னு கேட்டீங்கன்னா, மரவாடியில ‘காய்ஞ்ச மரம்’னு சொல்லிக் கொடுப்பாங்க, உள்ள ஈரம் இருக்கும். வீட்டு நிலையில நாப்பது வருஷம் நின்ன மரம் வளையிற அளவுக்கு வளைஞ்சு, வெடிக்கிற அளவுக்கு வெடிச்சு முடிச்சிருக்கும். இனிமே அது ஆடாது.

எங்க பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சப்ப பின்வாசல் நிலையை நான் விக்கல. அஞ்சுக்கு நாலு நிலைக்கால், சுத்தமான பலா வைரம். பழைய கதவு, நிலை வாங்க வண்டி எடுத்துட்டு வர்றவங்க ரெண்டு தடவை கேட்டாங்க. மாட்டுக்கொட்டாய்ல படுக்க வச்சிருந்தேன். அதைக் காட்டினதும் பையனுக்குச் சந்தோஷம். எங்க அம்மாவுக்குத்தான் சம்மதமில்ல. ‘வெள்ளிக்கிழமை தவறாம மஞ்சள் பூசி குங்குமம் வச்ச நிலைடா. அதை அறுத்து டிரிங்கு டிரிங்குன்னு அடிக்கப் போறியா?’ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஒரு வாரம் யாரும் அதைத் தொடல. அப்புறம் அவங்களே, ‘சரஸ்வதி கையில இருக்கிறதும் பலா மரம்தானே, எடுத்துக்க’ன்னு சொல்லிட்டாங்க. யார் சொல்லிக் கொடுத்தாங்களோ தெரியாது.

ஆசாரி எங்க பக்கத்து ஊரு. எழுபது வயசு கிட்ட இருக்கும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு வந்துச்சே, அந்த வேலையில பழகின கை. கோயில் கதவு, சாமி சிலை, வாகனம்னு செஞ்சவர். இப்ப பெரும்பாலும் கட்டில் காலும், பிளைவுட் அலமாரி ரிப்பேரும்தான். கிட்டாரை அவர் சினிமாவுலதான் பார்த்திருக்கார். பையன் படத்தைக் காட்டினான். ரொம்ப நேரம் பார்த்துட்டு, ‘தம்பி, இது குடம் இல்லாத வீணை’ன்னார். எனக்குத் தெரிஞ்சு எலக்ட்ரிக் கிட்டாருக்கு இதைவிடச் சரியான விளக்கம் யாரும் கொடுக்க முடியாது.

ஏன்னா நிஜம் அதுதான். வீணைக்குச் சத்தம் குடத்துல இருந்து வருது. எலக்ட்ரிக் கிட்டாருக்குக் குடம் வேணாம், சத்தம் கரண்டுல வருது. அமெரிக்காவுல லெஸ் பால்னு ஒரு கலைஞர் 1940 வாக்குல நாலுக்கு நாலு பைன் கட்டையில கம்பி கட்டி வாசிச்சுக் காட்டினார். பார்க்க கிட்டார் மாதிரி தெரியணும்னு ஒரு பழைய கிட்டாரை ரெண்டா அறுத்து ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டாராம். அதனால முதல் தடவை செய்ற ஆளு உடம்பு மரத்துக்கு ரொம்ப மெனக்கெட வேணாம். ‘இந்த மரத்துக்கு இந்த நாதம்’னு இன்டர்நெட்ல சண்டை போடுறவங்களை விட்டுத் தள்ளுங்க. காய்ஞ்சிருக்கணும், ஆடக்கூடாது, கனம் தோளை இறக்கக்கூடாது. பலா இந்த மூணுக்கும் பாஸ். வேற ஒரு மரமும் பாஸ் ஆகும். ஆனா வேற மரத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்லித் தர எங்க ஊர்ல ஆளு இல்ல.

நிலைக்காலை அறுக்கிறதுக்கு முன்னாடி ஆசாரி ஒரு வேலை செஞ்சார். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணை நூல்ல கட்டி மரத்து மேல நீளத்துக்கும் ஓட்டினார். மூணு இடத்துல டக்குன்னு ஒட்டுச்சு. உள்ள புதைஞ்ச ஆணி. இதைப் பெட்டியில வர்ற கிட்டு சொல்லிக் கொடுக்குமா? அப்புறம் காலை ரெண்டாப் பிளந்து, பாதியை மூணு துண்டாக்கி, பக்கவாட்டுல ஒட்டினாங்க. கிட்டார் உடம்புக்கு அவ்வளவுதான் மரம். ஒட்டினதைப் படம் வரைஞ்சு அறுக்கிறதுக்கு முன்னாடி தூக்கிப் பார்த்தேன், நாலு கிலோதான் இருந்திருக்கும். மீதி மரத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். இந்த நாலு கிலோவை மறக்காதீங்க, திரும்ப வருவேன்.

கழுத்துதான் கஷ்டம். ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுவை இழுக்குது. ஒரு சிமெண்ட் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, ராத்திரி பகலா. அதனால கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி போட்டு, மரத்தை எதிர்ப்பக்கமா இழுக்க வைக்கணும். ஆசாரி கழுத்துக்குத் தேக்கு போடச் சொன்னார், ரேகை நேரா ஓடுற துண்டாப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். தேக்குல எண்ணெய் இருக்கிறதால பசை பிடிக்காதுன்னு சொல்லி, ஒட்டுறதுக்கு முன்னாடி தின்னர் வச்சுத் துடைச்சார்.

விரல் பலகைக்கு உலகம் பூரா விரும்புறது நம்ம ஊர் ஈட்டி மரம். தோதகத்தின்னும் சொல்லுவோம். அதை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்கன்னு சொல்லிட்டேன். பட்டா நிலத்துல நின்னாலும் அரசாங்க அனுமதி இல்லாம ஈட்டியை வெட்டக்கூடாதுன்னு 1994-ல தமிழ்நாட்டுல தனிச் சட்டமே போட்டாங்க. 2017-ல உலக நாடுகள் சேர்ந்து கட்டுப்பாடு வச்சதுல, ஈட்டிப் பலகை வச்ச கிட்டாருக்கே பேப்பர் கேட்டாங்க. 2019-ல செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு மட்டும் தளர்த்தினாங்க. கல்வராயன் மலைப் பக்கம் மரத்துக்காகச் சிக்கல்ல மாட்டின ஆளுங்களை நாங்க பார்த்தவங்க. யாராவது ‘மலையில இருந்து நல்ல கட்டை எடுத்துத் தர்றேன்’னு சொன்னா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. கருங்காலியும் போடலாம்தான், ஆனா மாலை மோகம் வந்ததுக்கப்புறம் அந்த மரத்துப் பேச்சையே எடுக்க முடியல. நாங்க போட்டது புளியமரத்து வைரம். செக்குக்கும் கொட்டாப்புளிக்கும் போடுற மரம். கறுப்பும் ஊதாவும் கலந்த நிறம். இரும்பு மாதிரி. உளி மூணு தடவை மழுங்கிப் போச்சு, ஆசாரி முணுமுணுத்துக்கிட்டே தீட்டினார்.

அந்தப் பலகையில மெட்டு வைக்கிற இடத்துலதான் பையன் மாட்டினான். வீணையில 24 மெட்டு. தேன்மெழுகுல கரித்தூள் கலந்து, அது மேல வெண்கல மெட்டை நிறுத்துவாங்க. மேளம் கட்டுறதுன்னு பேரு. காதால கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்தலாம். தப்பா இருந்தா மெழுகைச் சூடு காட்டித் திருத்தலாம். கிட்டார்ல அந்தக் கருணை கிடையாது. ரம்பத்தால கீறி, கம்பியை அடிச்சு இறக்கிட்டா முடிஞ்சுது. அதனால கணக்குப் போட்டுத்தான் கீறணும். கம்பி நீளம் 648 மில்லிமீட்டர்னு வச்சுக்குங்க. அதை 17.817-ஆல வகுத்தா 36.4 மில்லிமீட்டர். முதல் மெட்டு அங்க. மீதி இருக்கிற 611.6-ஐ மறுபடி அதே எண்ணால வகுத்தா 34.3. ரெண்டாவது மெட்டு. இப்படியே போனா பன்னெண்டாவது மெட்டு சரியா பாதியில, 324-ல வந்து நிக்கும். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன், இந்தக் கணக்கு எனக்கே பிடிச்சுப் போச்சு. ஆனா பையன் என்ன பண்ணினான்னா, ஒவ்வொரு மெட்டையும் அதுக்கு முந்தின மெட்டுல இருந்து அளந்தான். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் தவறு, சேர்ந்து சேர்ந்து பன்னெண்டாவதுல மூணு மில்லிமீட்டர் தள்ளி நின்னுச்சு. ‘வயலுக்குக் கயிறு பிடிக்கிற மாதிரி எல்லாத்தையும் ஒரே முளையில இருந்து அளக்கணும் தம்பி’ன்னார் ஆசாரி. புளியம்பலகை ஒண்ணு அடுப்புக்குப் போச்சு. ரெண்டாவது பலகையில கீறினது சரியா வந்துச்சு.

கிட் வாங்கியிருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது. அதைத்தான் அவங்க பெருமையாச் சொல்றாங்க, ‘தப்பே வராது’ன்னு. எனக்கு அது பெருமையாத் தெரியல. தப்பே வராத வேலையில கத்துக்க என்ன இருக்கு? அந்த அடுப்புக்குப் போன பலகைதான், ஏன் ஒரு மெட்டு எங்க நிக்குதுன்னு பையனுக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. இப்ப அவன் கடையில விக்கிற கிட்டாரை எடுத்தாலும் முதல்ல பன்னெண்டாவது மெட்டைத்தான் அழுத்திப் பார்க்கிறான்.

அடுத்து கரண்டு வேலை. எலக்ட்ரிக் கிட்டாரோட உயிர் பிக்கப். என்னன்னு பார்த்தா, ஒரு காந்தம், அதைச் சுத்தித் தலைமுடியை விட மெல்லிசான செப்புக் கம்பி ஏழாயிரம் எட்டாயிரம் சுத்து. மேல இரும்புக் கம்பி ஆடினா காந்தப் புலம் ஆடும், காயில்ல கரண்டு பிறக்கும். ஃபாரடே 1831-ல கண்டுபிடிச்ச தத்துவம். எங்க ஊர்ல இதைப் புரிஞ்சுக்க ஆளுக்குப் பஞ்சமா? கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டுறவர் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அவர் பிக்கப்பைப் பிரிச்சுக்கூடப் பார்க்கல, கையில வாங்கி எடை பார்த்துட்டு, ‘இது நம்ம மோட்டாரோட தலைகீழ் வேலை’ன்னார். அவர்கிட்ட அவ்வளவு மெல்லிசுக் கம்பி கிடையாது. அதனால பிக்கப்பையும், முறுக்காணியையும், கம்பியையும் பையன் சென்னையிலதான் வாங்கினான். பிரையன் மேயும் முதல்ல தானே காயில் சுத்திப் பார்த்துட்டு, கடைசியில கடையில விக்கிறதைத்தான் வாங்கிப் போட்டார். அதுல வெட்கம் ஒண்ணும் இல்ல.

ஆனா வயரிங் முழுக்க மோட்டார்காரர் பொறுப்பு. முதல் நாள் மாட்டினப்ப உய்ய்ய்ங்னு ஒரே இரைச்சல். அது கரண்டோட 50 ஹெர்ட்ஸ் சத்தம். ஒத்தைக் காயில் பிக்கப் அதைப் பிடிச்சு இழுக்கும். 1955-ல கிப்சன் கம்பெனியில சேத் லவர்னு ஒருத்தர் ரெண்டு காயிலை எதிரும் புதிருமாச் சுத்தி, ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு அடிக்கிற மாதிரி செஞ்சாராம். நம்ம ஆளு அதெல்லாம் படிச்சதில்ல. ‘எர்த் இல்ல தம்பி, இரைச்சல் வராம என்ன செய்யும்’னு சொல்லி, கம்பி உக்கார்ற பிரிட்ஜுல இருந்து ஒரு வயரை எர்த்துக்குக் கொடுத்தார். குழிக்குள்ள செப்புத் தகடு ஒட்டினார். முக்கால்வாசி இரைச்சல் போயிடுச்சு. மீதியைத் தாங்கிக்கலாம். கூலி வாங்க மாட்டேன்னார், வலுக்கட்டாயமாக் கொடுத்தோம்.

கிட்டார் எப்படி இருக்குன்னு கேப்பீங்க. ஊர் மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயர்ல மாட்டி வாசிச்சான். அஞ்சாவது கம்பி ஏழாவது மெட்டுல உரசி ஸ்ர்ருன்னு சத்தம் வருது. கழுத்து கொஞ்சம் தடிமன். மேல அடிச்ச வார்னிஷ்ல ஒரு ஈசல் ஒட்டியிருக்கு. மத்தபடி சுருதி நிக்குது. எனக்கு நாதம் பத்தித் தீர்ப்பு சொல்லத் தெரியாது. அம்மா மட்டும், ‘நிலை நல்லா பேசுது’ன்னாங்க.

கிட் வாங்குறவங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். சென்னையில அப்பார்ட்மெண்ட்ல இருக்கிறவங்க எங்க போய் மரம் இழைப்பாங்க? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். லீவு கிடைக்காது. உண்மைதான். எங்க பையனுக்கே எட்டு மாசம், எத்தனையோ சனி ஞாயிறு பஸ் பயணம். அவ்வளவு நேரம் இல்லாதவங்க, ஆரோவில்லுல எரிசா நியோகி மாதிரி கையால கிட்டார் செய்ற நிபுணர்கள் இருக்காங்க, அவங்ககிட்ட ஆர்டர் கொடுத்து வாங்குங்க, அது மரியாதையான வழி. நான் சொல்றது, ‘நானே செய்யணும்’னு கிளம்புறவங்களுக்கு மட்டும்தான். செய்யணும்னு முடிவு பண்ணினா, செய்யுங்க.

இப்ப அந்த நாலு கிலோவுக்கு வர்றேன். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழையில சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணையில விநாடிக்கு ஒண்ணரை லட்சம் கனஅடிக்கு மேல தண்ணி போச்சே, அந்த வெள்ளத்துல ஆத்தங்கரை ஓரம் எங்க கொல்லையில ஒரு பலா சாய்ஞ்சுது. எங்க அப்பா வச்ச மரம். அடிமரம் ரெண்டு ஆள் கட்டிப் பிடிக்கணும். வியாபாரி ஒருத்தர் வந்தார், சுத்தி வந்து பார்த்தார். ‘கணு இருக்கு, வெடிப்பு இருக்கு, பலகை தேறாது’ன்னு சொல்லி, டன் கணக்குல விறகு விலைக்குக் கேட்டார். எங்க பக்கத்துல சாயிற, வெட்டுற பலா, வேம்பு, வாகையில பாதிக்கு மேல இப்படித்தான் போகுது. விவசாயிக்கு அவசரம். அடுத்த பட்டத்துக்குள்ள இடத்தைக் காலி பண்ணணும். வெட்டுக்கூலி மிச்சம்னு கொடுத்துடறோம்.

நான் கொடுக்கல. ஏன்னா ஒரு கணக்கு போட்டேன். ஒரு டன் பச்சை மரத்துல தண்ணி எடை போகட்டும், கணு, வெடிப்பு, வெள்ளை எல்லாம் தள்ளிடுங்க, ரம்பத்தூள் போகட்டும். அப்பவும் நாலு கிலோ துண்டா முப்பது நாப்பது கிட்டார் உடம்பு தேறும். கட்டிலுக்கு ஆறடி பலகை கணு இல்லாம வேணும். கிட்டாருக்கு ஒண்ணரை அடி போதும். கட்டில்காரன் கழிச்ச மரம்தான் கிட்டார்காரனுக்கு நல்ல மரம். இது எங்களுக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. நடுவுல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா வாங்கி அடுக்கிடுவாங்க. அதனாலதான் நேரா உங்ககிட்ட சொல்றேன்.

கரும்பு பத்து மாசத்துல, பன்னெண்டு மாசத்துல வெட்டுக்கு வருது. பலா பலகைக்கு ஆக இருபத்தஞ்சு முப்பது வருஷம். அதை வரப்புல வச்சு, ஆடு கடிக்காம முள்ளு கட்டி, மூணு தலைமுறைக்குக் காப்பாத்துறவனுக்கு விறகு விலைதான்னா, அவன் எதுக்குப் பலா வைப்பான்? தைலமரம் வச்சுட்டுப் போயிடுவான். வச்சிட்டுத்தான் இருக்காங்க. ஆசாரிக்கும் இதே கதைதான். அவர் மகன் டெம்போ ஓட்டுறார். பேரன் உளியைத் தொட்டதில்ல. கட்டில் கால் கடையக் கத்துக்கச் சொன்னா எந்தப் பையனும் வர மாட்டான். கிட்டார் செய்றோம்னு சொன்னதும், தெருவுல இருந்து மூணு பையன்க தினம் வந்து பட்டறையில நின்னாங்க. அதுல ஒருத்தன் ஆசாரி பேரன். உப்புத்தாள் தேய்க்கிற வேலை முழுக்க அவன்தான் செஞ்சான், கூலி கேட்டு வாங்கிக்கிட்டான், எனக்கு அது பிடிச்சுது.

ஒரு விஷயம் மட்டும் வருத்தமாச் சொல்றேன். பட்டணத்துல இருந்து வர்றவங்க சில பேரு, ‘அண்ணே, சும்மா கிடக்கிற மரம்தானே, ஒரு துண்டு கொடுங்க’ன்னு கேக்கிறாங்க. சும்மா கிடக்கலீங்க, காய்ஞ்சுக்கிட்டிருக்கு. அடுக்கி வச்சு நிழல்ல காக்கிறதும் வேலைதான். கிட்டார் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாருக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கொடுக்கிறீங்களோ, அந்தக் கணக்குல ஆசாரிக்கும் கொடுங்க. ‘கிராமத்து ஆளு, பிரியமாச் செய்வாரு’ங்கிற பேச்சு வேணாம். பிரியம் இருக்கு. அரிசி வாங்கக் காசும் வேணும்.

சாய்ஞ்ச மரத்தை ரெண்டு அங்குலப் பலகையா அறுத்து, ரெண்டு முனையிலயும் சாணி பூசி, இடையில குச்சி வச்சு கொட்டாய்ல அடுக்கியிருக்கேன். முனையில பூசலேன்னா அங்கிருந்து ஈரம் சீக்கிரம் போயி வெடிக்கும். ஒரு அங்குலத்துக்கு ஒரு வருஷம்னு பெரியவங்க கணக்கு. அவசரப்பட்டு ஈரத்தோட எடுத்துட்டுப் போய்ச் செஞ்சீங்கன்னா மூணாவது மாசம் ஒட்டு விலகி என்னைத் திட்டுவீங்க. கண்ணால பார்த்து, விரலால தட்டி, எடை பார்த்து, உங்களுக்குப் பிடிச்ச துண்டைச் சாக்பீஸ்ல குறிச்சுட்டுப் போகலாம்.

ஆலை அரைவை ஓடுற நேரத்துல மட்டும் வராதீங்க. வெட்டு உத்தரவு வந்துட்டா எனக்குத் தலை சொறியக்கூட நேரம் இருக்காது. சித்திரை, வைகாசியில வாங்க. பலாவும் பழுத்திருக்கும்.